இழுத்தால் வரவேண்டிய நூல்

மாலை நாலு மணி இருக்கும். ஹருக்கோவின் முதுகுக்குப் பின்னால் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு முழந்தாளிட்டிருக்கிறேன். என் கையில் ஒரு நூல் நுனி. நுனியில் சுண்டைக்காய் அளவுக்குத் துணி உருண்டை. அதைப் பிடித்து இழுத்தால் நூல் மொத்தமும் உருவிக்கொண்டு வர வேண்டும்.

ஐந்து நூல்கள் அப்படித்தான் வந்தன. ஆறாவதை இழுத்தேன். வரவில்லை.

இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தேன். அவள் தோள் என் பக்கமாக லேசாகச் சாய்ந்தது, அவ்வளவுதான். ஒலிபெருக்கிப் பெட்டியில் ஜப்பான் நாட்டு மூன்று தந்தி வாத்தியம் விட்டு விட்டு ஒலித்துக்கொண்டிருந்தது. ஹருக்கோ ஆடிக்கொண்டே இருந்தாள். அவளால் திரும்பிப் பார்க்க முடியாது.

எதிரே சாய்வு நாற்காலியில், மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு, அவள் கணவர் கென்ஜி சார் உட்கார்ந்திருந்தார்.

போன வாரம் இந்தப் பத்தியைப் படித்துவிட்டு ஒரு வாசகி எழுதியிருந்தார்: "ஜெசிந்தாம்மா, ஊர் உங்களுக்குச் செய்த அநியாயத்தையே எழுதுகிறீர்களே, நீங்கள் யாருக்கும் ஒன்றும் செய்ததில்லையா?" நல்ல கேள்வி. கோபம் வந்தது, பிறகு தூக்கம் போயிற்று. தூத்துக்குடியில் முப்பத்தைந்து வருடம் தையல் கடை நடத்தியவள் நான். நான் செய்ததை இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

ஏளா என்று கூப்பிட்டவள்

கென்ஜி சார் துறைமுகத்தில் கிரேன் பொருத்த வந்த ஜப்பான் கம்பெனி ஆள். புருஷனும் பெண்டாட்டியும் ராஜபாண்டி அண்ணாச்சி வீட்டு மாடியில் குடியிருந்தார்கள். அண்ணாச்சிக்குக் கருப்பட்டி வியாபாரம். பிள்ளைகள் சென்னைக்குப் போய்விட்டதால் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாத மனிதர்.

ஹருக்கோ தமிழ் கற்றுக்கொண்டது மீன்காரியிடமும் பாத்திரம் துலக்குகிறவளிடமும். அதனால் என் கடைக்கு முதன்முதலில் வந்தபோது, ஐம்பது வயது ஜப்பான்காரி, இடுப்பு வளைய ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கேட்டாள்:

"ஏளா, கை சின்னதாக்கித் தருவியா?"

எங்கள் பக்கம் 'ஏளா' என்றால் 'அடியே' மாதிரி. கடையில் இருந்த நாலு பேரும் சிரித்துவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை என்று சொன்னால் பொய். "உன்னைவிட மூத்தவ நான். அக்கான்னு கூப்பிடு" என்றேன். அதற்கும் ஒரு கும்பிடு. அன்றிலிருந்து அக்காதான்.

பிறகு அடிக்கடி வருவாள். நான் மாதா கோயில் சுரூபச் சிலைகளுக்கு உடுப்பு தைப்பதை உட்கார்ந்து பார்ப்பாள். மாதா சுரூபத்தின் அளவு எடுக்கும்போது நூலை எடுத்துத் தருவாள். அவள் ஒரு நாட்டியக்காரி என்பது எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரியும்.

ஆற்று மணலில் தொடங்கியது

அவள் ஆடுவது கபுகி நாடக மேடையில் பிறந்த நாட்டியம். அதன் கதையை அவள் எனக்குத் துண்டு துண்டாகச் சொன்னாள்.

நானூறு வருடங்களுக்கு முன்பு கியோட்டோவில், தண்ணீர் வற்றிக் கிடந்த ஆற்று மணலில், ஒரு பெண் ஆடத் தொடங்கியிருக்கிறாள். கோயிலைச் சேர்ந்தவள் என்று பேச்சு. ஆம்பிளை உடுப்புப் போட்டு, இடுப்பில் கத்தி செருகி ஆடினாளாம். ஊரே திரண்டது. அவளைப் பார்த்துப் பெண்கள் கூட்டம் கூட்டமாக ஆட வந்தார்கள். அடிதடி, ரகளை. பெண்கள் மேடை ஏறவே கூடாது என்று அரசாங்கம் தடை போட்டது. இளவட்டப் பையன்கள் ஆடினார்கள். அதிலும் வம்பு வந்து, அதற்கும் தடை. கடைசியில் முன்தலையைச் சிரைத்துக்கொண்ட வளர்ந்த ஆண்கள்தான் பெண் வேஷம் கட்டினார்கள்.

"ஆரம்பிச்சது பொம்பள. வெளிய போட்டது பொம்பளய" என்றாள் ஹருக்கோ.

"எங்க ஊர்லயும் அதே கததான்" என்றேன்.

கடற்கரை ஊரான பெரியதாழையில் திருவிழா நாடகத்துக்கு நான் உடுப்பு தைத்திருக்கிறேன். வேதத்துக்காக உயிரைக் கொடுத்து வேதசாட்சியாகச் சாகும் ராணி வேஷத்துக்கு, மீசை எடுத்த ஒரு மாமா. வலை இழுத்துக் காய்த்த அவர் கையை மறைக்க, விரல் வரை நீளும் சட்டைக் கை கேட்டார். அவர் தலை வெட்டுப்படும்போது பெண்கள் வாய்விட்டு அழுவார்கள். மறுநாள் அதே பெண்கள் மீன் ஏலத்தில் அவரை வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள்.

ஜப்பானில் அந்த ஆண்கள் பெண்ணின் நடையை, கழுத்துத் திருப்பலை, விசிறி பிடிப்பதை ஒரு வித்தையாகவே வளர்த்துவிட்டார்கள். நாட்டியங்கள் பெரும்பாலும் அவர்களுக்காகவே உண்டானவை. ஹருக்கோவுக்குப் பிடித்தது வெள்ளைக் கொக்கு ஒன்றின் ஆட்டம். பனி பெய்கிறது. குளக்கரையில் வெள்ளை உடுத்திய கல்யாணப் பெண் நிற்கிறாள். அவள் பெண்ணல்ல, மனிதனைக் காதலித்த கொக்கு. ஆட்டத்தின் நடுவில் வெள்ளை கழன்று விழ, உள்ளே சிவப்பு. சின்னப் பெண்ணாகிறாள். முடிவில் மறுபடி கொக்காகிச் சாகிறாள்.

அந்த ஆட்டத்தை நூறு வருடம் போல ஆட ஆளில்லாமல் விட்டிருந்தார்களாம். மறுபடி எடுத்தபோது, கடைசியில் அவள் நரகத்தில் அடிபடுவதாகத்தான் ஆடினார்கள். பிறகு ஒரு நடிகர், மேல்நாட்டுப் பெண்ணொருத்தி அன்னம் சாவதை ஆடியதைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் பனியில் விழுந்து சாவதாக மாற்றினார். பெண்களுக்கு மேடை மூடியே இருந்தாலும், நாட்டியப் பள்ளிகள் வழியாக அந்த ஆட்டம் வெளியே வந்து, ஹருக்கோ வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

இல்லாத ஆள்

உடுப்பு எப்படி ஒரு நொடியில் மாறும் என்பதுதான் எனக்கு அதிசயம். உள்ளே சிவப்புக் கிமோனோ முழுசாக இருக்கும். அதன்மேல் வெள்ளையைத் தோளிலும் கையிலும் இடுப்பிலும் தடித்த பட்டு நூலால் ஓட்டுத் தையல் போட்டு வைப்பார்கள். நூலின் ஒரு நுனியில் உருண்டை, மறு நுனியில் ஒன்றும் கிடையாது. பின்னால் ஒரு ஆள் குனிந்து உட்கார்ந்து, ஆட்டம் நடக்கும்போதே நூல்களை ஒவ்வொன்றாக உருவுவார். தாளம் வந்ததும் ஒரே இழுப்பு.

அந்த ஆள் எல்லார் கண்ணுக்கும் தெரிவார். ஆனால் அவர் அங்கே இல்லை என்று பார்க்கிறவர்கள் வைத்துக்கொள்ள வேண்டும். அவரும் அப்படியே நடந்துகொள்ள வேண்டும். தலை நிமிரக் கூடாது. கண் உடுப்பின் விளிம்பிலும் நூலிலும்தான் இருக்க வேண்டும்.

இருபத்திரண்டு வருடம் ஹருக்கோவின் பின்னால் இருந்தவர் கென்ஜி சார். இயந்திரம் பொருத்தும் பிட்டர், நாட்டியப் பள்ளிக்குப் பெட்டி தூக்க வந்தவர். கை நடுங்காது என்று அங்கே நாட்டியம் சொல்லிக்கொடுத்த அம்மா அவரைப் பின்னால் உட்கார வைத்திருக்கிறாள். அப்படித்தான் கல்யாணமும் ஆகியிருக்கிறது.

கென்ஜி சாருக்கு நுரையீரலில் கட்டி. கண்டுபிடித்தபோதே முற்றியிருந்தது. விமானப் பயணம் தாங்காது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு நான் கஞ்சி கொண்டு போன ஒரு நாள், ஹருக்கோ வராந்தாவில் வைத்துச் சொன்னாள்.

"அவங்களுக்கு ஒரு ஆச, அக்கா. என் ஆட்டத்த முன்னால இருந்து பாக்கணும். ஒரு தடவ கூடப் பாத்ததில்ல."

கூட வந்திருந்த அண்ணாச்சி, "அதுக்கென்ன, செல்போன்ல எடுத்துக் காட்டுனாப் போதாதா?" என்றார்.

"காட்டியிருக்கேன். அதுல அவங்க என்னயப் பாக்க மாட்டாங்க. அவங்க கையத்தான் பாப்பாங்க. நூல் சரியா வந்துச்சா, உடுப்பு சரியா விழுந்துச்சான்னு." பிறகு என்னைப் பார்த்தாள். "பின்னால வேற ஆள் இருந்தா பாப்பாங்க. நீங்க இருப்பீங்களா?"

சாகப்போகிற ஒரு மனிதன் கேட்டது அவ்வளவுதான். தன் பெண்டாட்டியை ஒரு தரம் முன்னாலிருந்து பார்க்க வேண்டும். நான் சரி என்றேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பெரியதாழைக் கல்யாணம்

பழைய வெள்ளை உடுப்பு நம் கடல் காற்றில் பழுப்பேறிப் போயிருந்ததால், புதிதாக நானே தைத்தேன். ஹருக்கோ நூல் ஓட்டிக் காட்டினாள். அண்ணாச்சி வீட்டு மாடி ஹாலில் ஒரு தரம் ஒத்திகை பார்த்தோம்.

"பனிக்கு எதுக்குளா பேப்பர வெட்டுதீங்க? ரெண்டு படி உப்ப அள்ளித் தூவுனா ஆச்சு" என்றார் அண்ணாச்சி. அவர் சம்சாரம், "அந்தப் பிள்ளைக்குக் கண்ணு அவிஞ்சு போகும், சும்மா கெடங்க" என்று கத்தரித்துக்கொண்டே இருந்தார்.

ஒத்திகையில் ஒரு காரியம் நடந்தது. நான் தொடுவதற்கு முன்பே இடது தோள் நூல் தானாக நழுவி, வெள்ளை ஒரு பக்கம் தொங்கிவிட்டது. ஹருக்கோ "பரவால்ல அக்கா" என்று சிரித்தாள். நான் அவசரமாக அந்தத் தோளை இழுத்து மூடினேன்.

ஏன் என்றால் அதற்கு ஒரு பழைய கதை உண்டு. கடை வைத்த புதிதில், பெரியதாழைப் பெண் ஒருத்திக்குக் கல்யாண கவுன் தைத்தேன். அவசரத்தில் ஒரு கையைத் தற்காலிக ஓட்டுத் தையலோடு விட்டுவிட்டேன். மோதிரம் மாற்றக் கையை நீட்டினாள். அக்குளிலிருந்து முழங்கை வரை தையல் பிரிந்துவிட்டது. பீடத்துக்கு முன்னால், ஊர் முழுக்கப் பார்க்க. அந்தப் பெண்ணுக்கு அதை வைத்தே பட்டப்பெயர் வைத்தார்கள். அவள் தாய் என் கடை வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு என் தையல் ஒன்றுகூடப் பிரிந்ததில்லை. நூல் முடிகிற இடத்தில், அது நழுவாமலிருக்க, பின்னோக்கி மூன்று பின்தையல், ஒரு முடிச்சு. என் கடையில் வேலை பார்த்த பெண்களுக்கு நான் வேறெதையும் இவ்வளவு திட்டிச் சொல்லிக்கொடுத்ததில்லை.

பத்திரத்துக்கு

ஆட்டத்தன்று காலையில் ஹருக்கோ கணவரைக் கூட்டிவர ஆஸ்பத்திரிக்குப் போனாள். அரை நாளுக்குத்தான் விட்டார்கள். நூல் ஓட்டும் வேலையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். "மறு நுனியில ஒண்ணும் போடாதீங்க, அக்கா" என்று வாசல் வரை போனவள் திரும்பி வந்து சொன்னாள். காதில் விழவில்லை என்று நான் சொல்ல முடியாது.

எட்டு நூல். கைகளிலும் இடுப்பிலும் ஐந்தை அவள் சொன்னபடியே ஓட்டினேன். தோளுக்கு வந்தேன். வலது தோளில் இரண்டு, இடது தோளில் ஒன்று. கிரேன் கம்பெனி ஆண்கள் ஐந்தாறு பேர் வருவார்கள் என்று தெரியும். அவர்கள் முன்னால் வேளை கெட்ட வேளையில் ஒரு பெண்ணின் உடுப்பு தோளிலிருந்து நழுவினால்? உள்ளே முழுசாக இன்னொரு உடுப்பு இருக்கிறது என்று என் புத்திக்குத் தெரியும். புத்தி சொன்னதைக் கை கேட்கவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் கைமேல் பழி போடக்கூடாது. யோசித்துத்தான் செய்தேன்.

மூன்று நூலின் மறு நுனியிலும் ஒவ்வொரு பின்தையல் போட்டு, ஒவ்வொரு முடிச்சும் போட்டேன். ஒரே ஒரு தையல். பத்திரத்துக்கு. வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பட்டு நூல் அது. முப்பத்தைந்து வருடம் நூலோடு புழங்கியவளுக்கு அது அறுமா அறாதா என்று தெரியாதா? பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். குரங்காகவும் முடியாமல் போனது என் காரியம்.

நாலு மணி

ஆட்டம் தொடங்கியது. முதல் பகுதி மெதுவானது. வெள்ளை உடுத்தி, வெள்ளைத் தலைத்துணி போட்டு, குடை பிடித்து நின்றாள். ஒரு காலை எடுத்து வைக்க ஒரு நிமிடம் ஆனது. அண்ணாச்சி சம்சாரம் ஸ்டூலில் ஏறி நின்று காகிதப் பனி தூவினார்.

நிமிரக்கூடாது என்பது விதி. நான் ஒரு தரம் நிமிர்ந்தேன். கென்ஜி சார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்ணில் நீர் வழிந்ததை அவர் துடைக்கக்கூட இல்லை. துடைத்தால் அந்த நேரம் பார்க்க முடியாதே. எலும்பும் தோலுமான அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

ஐந்து நூல் வந்தது. ஆறாவது வரவில்லை. ஏழாவதை இழுத்தேன். எட்டாவதை இழுத்தேன். அவள் தோளை இழுத்து இழுத்து ஆட்டத்தைக் கெடுத்தேன். மாற வேண்டிய தாளம் வந்தது, போனது. வெள்ளை பாதி அவிழ்ந்து பின்னால் தொங்கியது.

அப்போது மறுபடி நிமிர்ந்தேன். கென்ஜி சாரின் கண் அவளை விட்டு என் கைக்கு வந்துவிட்டது.

அந்தக் கண் மாறியதை நான் என் கண்ணால் பார்த்தேன். சாகும் வரை எனக்கு அந்தத் தண்டனை போதும்.

மூக்கிலிருந்து குழாயை எடுத்தார். எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு ஹாலை ஓரமாகச் சுற்றி வந்தார். கம்பெனி ஆட்கள் யாரும் தடுக்கவில்லை, இதுவும் ஆட்டத்தில் சேர்த்தி என்று நினைத்திருக்கிறார்கள். என் பக்கத்தில் முழந்தாளிட்டார். மூச்சு இரைத்தது. ஹருக்கோவின் தோளில் விரலை வைத்துத் தடவினார். முடிச்சு தட்டுப்பட்டது. என்னைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளங்கையை மட்டும் நீட்டினார்.

என் கழுத்தில் எப்போதும் நூல் கத்தரி தொங்கும். பதற்றத்தில் அதுகூட நினைவில்லை எனக்கு. எடுத்துக் கொடுத்தேன்.

மூன்று முடிச்சையும் வெட்டினார். கை நடுங்கவில்லை. தாளத்துக்குக் காத்திருந்தார். ஒரே இழுப்பு. வெள்ளை மொத்தமும் அவர் மடிக்கு வந்தது. ஹருக்கோ சிவப்பில் நின்றாள். எல்லாரும் கை தட்டினார்கள்.

முதுகில் பட்டது யார் கை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருபத்திரண்டு வருடப் பழக்கம். அவள் தோள் ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு ஆடினாள். சின்னப் பெண்ணாக விசிறி பிடித்துச் சிரித்து ஆடினாள்.

"நீங்க போய் உக்காருங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்று அவர் காதில் கெஞ்சினேன். அவர் போகவில்லை. போக முடியாமலா, போக மனமில்லாமலா, எனக்குத் தெரியாது. வெள்ளையை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, தரையைப் பார்த்தபடி கடைசி வரை அங்கேயே இருந்தார். முன்னால் அவள் கொக்காகிப் பனியில் விழுந்து செத்தாள். பின்னால் இருப்பவர் நிமிரக்கூடாது. அவர் நிமிரவில்லை.

வாத்தியம் நின்ற பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. "ஏலே, வண்டியக் கூப்பிடுங்கலே!" என்று அண்ணாச்சி கத்தியது மட்டும் நினைவிருக்கிறது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். இடையில் கண் விழிக்கவில்லை.

வெள்ளைத் துணி

அன்று மதியம் ஹருக்கோ என் கடைக்கு வந்தாள். கும்பிடவில்லை. நான் தைத்த வெள்ளை உடுப்பை மேசையில் விரித்து, தோளைக் காட்டினாள். வெட்டுப்பட்ட மூன்று முடிச்சும் அப்படியே இருந்தன.

"இது நீங்க போட்டதா, அக்கா?"

"ஆமா."

"எதுக்கு?"

"பத்திரத்துக்கு" என்றேன். அந்தச் சொல்லைச் சொல்லும்போது என் வாய் கூசியது.

அவள் கத்தவில்லை, அழவுமில்லை. மண் வாரித் தூற்றியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"அவங்க பாக்கல, அக்கா" என்றாள்.

காலில் விழப் போனேன். விடவில்லை. பையிலிருந்து வெள்ளைப் பருத்தித் துணியை எடுத்து வைத்தாள். நாளைக் காலையில் இங்கேயே தகனம். எலும்பைத்தான் ஊருக்குக் கொண்டு போகப்போகிறாள். அவர்கள் ஊரில் போகிறவருக்கு வெள்ளை உடுப்புத் தைத்துப் போடுவார்கள். வீட்டுப் பெண்கள் கூடி உட்கார்ந்து தைப்பார்களாம்.

"இங்கன எனக்கு வேற ஆளு இல்ல" என்றாள். "நூல்ல முடிச்சுப் போடக்கூடாது. போட்டா போறவங்க போக முடியாம இங்கனயே மாட்டிக்கிடுவாங்க."

இயந்திரத்தைத் தொடவில்லை. கையால்தான் தைத்தோம். இடது பக்கம் அவள், வலது பக்கம் நான். ஒவ்வொரு இழை முடியும்போதும் என் விரல் தானாக மடங்கப் பார்க்கும். நிறுத்துவேன். அவள் தன் தையலை விட்டுவிட்டு என் விரலையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் நுனியை அப்படியே விட்ட பிறகுதான் தன் ஊசியை எடுப்பாள்.

மாலைக்குள் முடிந்தது. மடித்துக் கொடுக்கப் போனேன். அவள் வாங்கி மறுபடி விரித்தாள். நான் தைத்த பக்கத்தில் ஒரு நூல் நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தாள். வழுக்கிக்கொண்டு வந்தது. திரும்ப உள்ளே தள்ளிவிட்டு அடுத்ததை இழுத்தாள். அதுவும் வந்தது.

மன்னித்துவிட்டாள் என்று எழுதினால் உங்களுக்கும் எனக்கும் நன்றாகத்தான் இருக்கும். நான் தைத்த நுனிகள் பத்தொன்பது. பத்தொன்பதையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.